இரும்புத் தட்டும் ஈர நெஞ்சும்

வண்டி ஓடுவது சக்கரத்தால், பயன்படுவது முதுகால். இந்த உண்மையை நாம் எந்தப் புத்தகத்திலும் கற்கவில்லை. பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியோரத்தில், தகரக் கூரையிட்ட ஒரு சிறு பட்டறை வாயிலில், ஒரு பழைய முக்காலியில் அமர்ந்தபடி கற்றோம். கற்பித்தவர் எமது பழைய மாணவர். கல்லூரியில் கணித பாடத்தை இரு முறை எழுதி இரு முறையும் தவறியவர். அந்த வகுப்பில் கணிதம் கற்பித்தவர் யார் என்பதை வாசக நேயர்கள் இதற்குள் ஊகித்திருப்பார்கள்.

எமது அயலில் ஒரு பெரியவர் இருக்கிறார். தோட்டத்து லொறியின் சாரதியாய்ப் பல்லாண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர். சேமித்த பணத்தில் ஜப்பானில் தயாரான பழைய கெப் வாகனமொன்றை வாங்கி வைத்திருக்கிறார். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வகை. நமுனுகுல மலைச்சாரலின் குண்டுங்குழியுமான பாதைகளில் லொறி ஏறத் தயங்கும் இடத்திலும் அது ஏறும். சிறு தோட்டக்காரரின் கொழுந்து, மரக்கறி மூட்டை, உரம், கடைச் சாமான் யாவும் அதன் முதுகிலேதான் போய்வரும். அந்த முதுகுதான் கெட்டுப் போயிற்று. ஈரக் கொழுந்தின் நீரும் உரத்தின் உப்பும் சேர்ந்து பின்தட்டை அரித்துவிட்டன. உள்ளே நின்று பார்த்தால் கீழே பாதை தெரிந்தது!

புதிய வாகனம் வாங்கலாமே என்று எண்ணுவோர் நாட்டின் அண்மைக் கால வரலாற்றைச் சற்றே நினைவு கூரவேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் பொருளாதாரம் சரிந்தது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் கதவு திறந்தபோது, விலை சாதாரண மனிதரின் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆகவே உள்ளதைத் திருத்திக் கொள்வதே வழி என்று பெரியவர் தீர்மானித்தார். 2025 செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமைகளில் அவருக்குத் துணையாய் நாமும் பட்டறைக்குச் சென்றுவரலானோம்.

ஊவா நாட்டில் சுமையின் கதை நெடுங்கதை. முற்காலத்தில் பொதிமாடுகள் தவலமாய்த் திரண்டு மலையேறின. பின்பு கோப்பிக்கும் தேயிலைக்கும் மாட்டு வண்டிகள் வந்தன. புகையிரதம் 1894இல் பண்டாரவளைக்கும், தெமோதரையின் புகழ்பெற்ற வளைவைச் சுற்றி 1924இல் பதுளைக்கும் வந்து சேர்ந்தது. ஆயினும் புகையிரதம் நிலையத்தோடு நின்றுவிடும். மலையிலிருந்து தொழிற்சாலைக்கும், லயத்திலிருந்து நகருக்கும் உள்ள அந்தச் சில மைல்கள் அன்றும் பெரும்பாடு, இன்றும் பெரும்பாடுதான். அந்தச் சில மைல்களுக்காகவே இந்தத் தட்டு.

முதற் சனிக்கிழமையே தர்க்கம் எழுந்தது. பெரியவர் 5 மில்லிமீற்றர்த் தடிப்புத் தகடு கேட்டார். "மாமா, மூன்று போதும்" என்றார் பட்டறைத் தம்பி. "கனம்தானே பலம்? என் வண்டிக்குக் கஞ்சத்தனமா?" என்று பெரியவர் முகஞ் சுளித்தார். தம்பி மறுமொழி கூறாமல் ஒரு சுண்ணக்கட்டியை எடுத்துச் சீமெந்துத் தரையிற் குந்தினார். தட்டு 7 அடி நீளம், 5½ அடி அகலம். அது சுமார் 3.6 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றர் இரும்புத் தகடு ஒரு மில்லிமீற்றர்த் தடிப்புக்கு 7.85 கிலோ எடை. 3 மில்லிமீற்றரானால் ஏறக்குறைய 85 கிலோ. 5 மில்லிமீற்றரானால் ஏறக்குறைய 140 கிலோ. "வித்தியாசம் 55 கிலோ, மாமா. ஒரு முழு மூட்டை. வண்டி உயிரோடு இருக்கும் நாளெல்லாம் அந்த மூட்டையை வெறுமனே சுமந்து திரிய வேண்டும். அதற்கு டீசலும் ஊற்ற வேண்டும். பலம் தகட்டில் இல்லை, அடியிலிருக்கும் குறுக்குச் சட்டங்களில் இருக்கிறது."

நாம் அந்தத் தரையையே பார்த்துக் கொண்டிருந்தோம். பரப்பளவு, கனவளவு, அடர்த்தி யாவும் அங்கே வரிசையாய் நின்றன. பத்து ஆண்டுகளுக்கு முன் இதே மனிதரின் விடைத்தாளில் நாம் சிவப்பு மையால் இட்ட எண்ணும் ஞாபகத்துக்கு வந்தது. மயிலிறகு தானே என்று அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சே முறியும் என்று வள்ளுவப் பெருமான் சொன்னதை நாம் வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். தரையில் எழுதிய இந்தக் கணக்குப் போல அது எமக்கு என்றும் விளங்கியதில்லை.

அடுத்து வந்தது அடிச்சட்டத்தோடு தட்டைப் பொருத்தும் வேலை. வாகனத்தின் அடிச்சட்டம் பாறை போல் அசையாதிருக்க வேண்டும் என்று நாம் எண்ணியிருந்தோம். அது தவறு. ஒரு சக்கரம் மேட்டிலும் மறு சக்கரம் கானிலும் இறங்கும்போது சட்டம் சற்றே முறுக்கிக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்காவிட்டால் வெடித்துவிடும். தட்டைச் சட்டத்தோடு நேரே உருக்கி ஒட்டினால் முறுக்குவதற்கு இடமில்லாமற் போகும். அன்றியும் ஒட்டிய இடத்தில் பட்ட வெப்பம் இரும்பின் இயல்பைக் கெடுத்து, அங்கேயே கீறல் தொடங்கும். ஆகையால் தம்பி சட்டத்தில் நெருப்பே படவிடவில்லை. சட்டத்தின் மேல் கடின மரத்துண்டுகளையும் றப்பர்ப் பட்டைகளையும் இட்டு, அவற்றின் மேல் தட்டின் நீளச் சட்டங்களை வைத்து, 'யூ' வடிவ போல்ட்டுகளால் இறுக்கினார். துளையிட நேர்ந்த ஓரிரு இடங்களிலும் சட்டத்தின் மேல் விளிம்பையோ கீழ் விளிம்பையோ தொடாமல், நடுப்பக்கத்திலேயே துளையிட்டார். வளைவின் பாரத்தை விளிம்புகளே தாங்குகின்றன என்பது காரணம்.

சுமையின் நடு எங்கே விழவேண்டும் என்பதிலும் அவர் கண்டிப்பாயிருந்தார். பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழவேண்டும். பின்னால் விழுந்தால் ஏற்றத்தில் முன்சக்கரங்கள் இலேசாகும், சுக்கான் சொற்கேளாது. இன்னும் ஒரு அடி நீளம் கூட்டினால் இரண்டு மூட்டை கூடப் போடலாமே என்ற பெரியவரின் ஆசை அங்கேயே முடிந்தது.

வீட்டு முற்றத்தில் இத்தகைய வேலை செய்ய நினைக்கும் வாசகர்களுக்குச் சில எச்சரிக்கைகளைச் சொல்லி வைப்பது எமது கடமை. ஒட்டு வேலை தொடங்கு முன் பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் வாகனத்தின் மின் உறுப்புகள் கருகும். எரிபொருள் தாங்கிக்கு அருகில் தீப்பொறி பறக்க இடங்கொடுத்தல் ஆகாது. பெரியவர் கம்பி வேலிக்கென்று பழைய தண்ணீர்க் குழாய்களைக் கொண்டு வந்திருந்தார். அவை நாகம் பூசியவை. அந்தப் பூச்சோடு உருக்கினால் எழும் வெண்புகை குளிரையும் காய்ச்சலையும் உண்டாக்கும். எனவே ஒட்டும் இடங்களில் பூச்சை முற்றாக நீக்கி, வெளியிலே காற்றோட்டத்தில் வைத்துத்தான் தம்பி வேலை செய்தார். தட்டின் மூலைகளில் நீர் வடியத் துளைகள் இட்டார். துருத் தடுக்கும் செந்நிறப் பூச்சைத் தட்டின் மேற்புறத்திலும் பார்க்க அடிப்புறத்திலே சிரத்தையாய்ப் பூசினார். கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் துரு முதலில் குடியேறுமாம். மனிதருக்கும் இது பொருந்தும் போலும்! பக்கத்துத் தடுப்புகளைத் தகடாக அடைக்காமல் வலைக்கம்பியால் அமைத்தார். கொழுந்து பறித்த பின்னும் உயிருள்ளது. காற்றின்றி அடைபட்டால் வெந்து சிவந்துவிடும். இவையெல்லாம் முடிந்ததும் பதிவுக் காரியமும் உண்டு. வாகனத்தின் உடலமைப்பை மாற்றுவோர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியைப் பெற்றுப் பதிவைத் திருத்திக் கொள்ள வேண்டும்.

இனி நாம் சொல்ல வந்த முக்கிய விஷயத்துக்கு வருகிறோம்.

தட்டு முடியுந் தறுவாயில், சாரதி அறைக்குப் பின்னால் மார்பளவு உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பியையும், பின்புறத்தில் மடித்து இறக்கக் கூடிய இரண்டு படிகளையும் தம்பி பொருத்திக் கொண்டிருந்தார். பெரியவர் கேட்டார்: "இதை யார் கேட்டது? இது சாமான் வண்டி. ஆட்களை ஏற்றக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே. நானும் ஏற்றமாட்டேன்."

தம்பி வேலையை நிறுத்தவில்லை. "ஏற்றமாட்டீர்கள், மாமா. ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு லயத்தில் பிள்ளைப்பேற்று நோவு எடுத்தால்? வேறு வண்டி இல்லையென்று வந்து நின்றால்? அப்போது முடியாது என்பீர்களா?"

பெரியவர் பேசாதிருந்தார்.

"என் அம்மா கொழுந்து மூட்டையின் மேல் உட்கார்ந்து வந்து ட்ராக்டர் பெட்டியிலிருந்து விழுந்தவர். பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு கால் சரியில்லை. அந்தப் பெட்டியைச் செய்தவனும் சாமான் பெட்டி என்றுதான் செய்திருப்பான். இந்தக் கம்பிக்குக் காசு வேண்டாம், மாமா."

நாம் அந்த மாணவரை ஆறு ஆண்டுகள் கற்பித்தோம். அவருடைய அன்னையார் நொண்டி நடப்பது ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு அவர் வராதபோது, கல்வியில் அக்கறையற்ற குடும்பம் என்று எண்ணிக் கொண்டோம். மேட்டின் மேலுள்ள கல்லூரிக்கு அந்தக் காலோடு ஏறிவர முடியாதென்பது எமக்குத் தோன்றவில்லை. ஆசிரியத் தொழிலில் நாம் இட்ட தவறான மதிப்பெண்களில் இதுவே பெரிது.

ஆயுத பூசைக்கு முதல் நாள் வேலை முடிந்தது. மறுநாள் பட்டறையில் சந்தனமும் குங்குமமும் இட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை உருட்டி வெளியே எடுத்தார்கள். ஆயுதங்களுக்கு ஓய்வு கொடுத்து வணங்கும் நமது மரபு, கருவியின் பின்னுள்ள கையையும் வணங்கச் சொல்கிறது என்றே நாம் அன்று எண்ணினோம்.

இரண்டு மாதங்கள் கழிந்தன. நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தது. பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மலை சரிந்தது, வீதிகள் துண்டிக்கப்பட்டன, உயிர்கள் பல மாண்டன. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இம்மலைநாடு மறக்கவில்லை. ஆகவே மண்ணில் வெடிப்புத் தெரிந்ததும், மேலேயிருந்த லயங்களில் உள்ளோர் பாடசாலை மண்டபத்துக்குப் புறப்பட்டனர். நடக்கக் கூடியோர் நடந்தனர். நடக்க இயலாதோர்?

பெரியவர் மழையில் வண்டியை எடுத்தார். வயோதிபர், நோயாளர், கைக்குழந்தையோடு தாய்மார் என்று ஒவ்வொரு நடைக்கும் சிலராக, மெதுவாக, இருட்டும் வரை ஏற்றி இறக்கினார். சேறு வழிந்த அந்த இறக்கத்தில் அவர்கள் அனைவரும் ஒரே கம்பியைப் பற்றிக் கொண்டு நின்றார்கள். அந்த மடிப்புப் படிகளில் காலூன்றித்தான் கிழவிகள் இறங்கினார்கள். எவரும் விழவில்லை. அன்று மாலை பாடசாலை வாயிலில் நாம் பெரியவரைக் கண்டபோது அவர் சொன்னது இவ்வளவே: "சேர், அந்தப் பயலுக்குக் கம்பிக் காசைக் கொடுத்துவிட வேண்டும்."

கொடுத்தார். தம்பி வாங்கவில்லை. இன்று வரை அந்த வழக்குத் தீரவில்லை.

வாசகர்கள் எம்மைத் தவறாக விளங்கிக் கொள்ளலாகாது. சாமான் தட்டில் மனிதர் பிரயாணஞ் செய்யலாம் என்று நாம் வாதிக்க வரவில்லை. ஊழி போன்ற ஒரு நாளின் அவசியம் வேறு. அன்றாட வழக்கம் வேறு. கொழுந்துக்குக் காற்றுப் போக வலை போடுகிறோம். அந்தக் கொழுந்தைப் பறித்த கைகள் பற்றிக் கொள்ள ஒரு கம்பி இல்லாமல் எத்தனை வண்டிகள் இன்னும் ஓடுகின்றன? மலைத் தோட்டங்களுக்கு ஒழுங்கான பேருந்தும், நோயாளர் வண்டி ஏறக்கூடிய பாதையும், சரியாத நிலத்தில் வீடும் கிடைக்கும் நாளில் இந்தக் கம்பிக்கு வேலையிராது. அந்த நாள் வரவேண்டும். அது வரும் வரைக்கும், இரும்பை வளைப்பவரின் உள்ளத்தில் இவ்வளவு நினைவேனும் இருக்கட்டும்.

எமக்கும் ஒரு வேலை மிஞ்சியிருக்கிறது. அடுத்த தவணையில் பரப்பளவும் அடர்த்தியும் கற்பிக்கும் நாளன்று, வகுப்பைப் பட்டறைக்கு அழைத்துச் செல்லத் தீர்மானித்திருக்கிறோம். தம்பியிடம் அனுமதி கேட்டோம். "நான் கணக்கில் தவறியவன், சேர்" என்று சிரித்தார்.

"தவறியவர் நாம்" என்றோம். சுண்ணக்கட்டியை மட்டும் எம்மையே கொண்டுவரச் சொன்னார்.