பலகணி அயலானது, வீடு யாருடையது?

முதுகுன்றத்தை ‘விருத்தாசலம்’ என வடமொழிப்படுத்தியபோது வாளாவிருந்த தமிழர், கணிப்பொறியிலும் அயலார்க்கு அடிமையாய் இருத்தல் தகுமா?

விண்டோசு 10-க்குரிய பொதுப் பேணலை மைக்ரோசாப்டு 2025 அக்தோபர் 14-இல் நிறுத்திவிட்டது. நன்கு இயங்கும் பொறிகளும் அதனால் குப்பைக்குப் போகின்றன. இலினக்சை நிறுவினால் அவையே பின்னும் உழைக்கும்.

தமிழ்நாட்டு எல்காட்டு நிறுவனம், உமாசங்கர் பொறுப்பிலிருந்தபோது, 2007 அளவிலேயே இலினக்சுக்கு மாறிக் காட்டியது. கேரளப் பள்ளிகளோ கட்டற்ற மென்பொருளிலேயே பயிற்றுகின்றன. தொடங்கியதைத் தமிழ்நாடு ஏன் நழுவவிட்டது?

‘எழுத்துப்பணியும் விளையாட்டும் போய்விடுமே’ என்பார்க்கு விடை: இலிபர் ஆபீசு உண்டு, தமிழ்99 விசைப்பலகை உண்டு, விண்டோசு விளையாட்டுகள் பலவற்றை ‘ஒயின்’ என்னும் மென்பொருள் இயக்கும். இயங்காத சிலவற்றுக்காக விண்டோசையும் வட்டின் ஒரு மூலையில் வைத்துக்கொள்க.

கடலூர் மாவட்டத்து மங்களூர்ப் பள்ளியொன்று முதலடி வைக்கட்டும். பலகணி அயலானதாயினும் வீடு தமிழனுடையதாகுக!