மெட்ராக்ஸித் தடையும் நம் மருந்துப் பெட்டியும்

2019 டிசம்பர் 1-ஆம் தேதி முதல் தன் ஆளுகைக்குட்பட்ட போட்டிகளில் கலந்துகொள்ளும் குதிரைகளுக்கு மெட்ராக்ஸிபுரோஜெஸ்டரோன் அசிடேட் கொடுப்பதை அமெரிக்கக் குதிரையேற்றச் சம்மேளனம் தடை செய்திருக்கிறது. அந்தத் தடை நம் மைதானங்களைக் கட்டுப்படுத்தாது என்பது மெய்யே. ஆயினும், குடும்பக் கட்டுப்பாட்டுக்காக மனிதர்களுக்குப் போடும் அந்த ஊசி எந்த மருந்துக்கடையிலும் சுலபமாகக் கிடைப்பதாலும், முரண்டு பிடிக்கும் இளம் பெண்குதிரைக்கு அதைப் போட்டால் அடங்கிவிடும் என்ற நம்பிக்கை நம் லாயங்களிலும் வேரூன்றியிருப்பதாலும், இவ்விஷயத்தில் அபிப்பிராயம் சொல்லாமல் ஒதுங்கியிருப்பது இந்த இதழுக்கு அழகாகாது.

தடை நியாயமானதே. கொலராடோவில் 1600 மில்லிகிராம் முதல் தவணையாகவும் பிறகு வாரந்தோறும் 400 மில்லிகிராமாகவும் கொடுத்துச் சோதித்து 2009-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மருந்து பெற்ற பெண்குதிரைகள் வழக்கம்போலவே பருவத்துக்கு வந்தன. அவற்றின் சூலகங்களும் வழக்கம்போலவே முட்டையை வெளியேற்றின. அப்படியானால் பயிற்சியாளர்கள் கண்ட பலன் எது? காயடித்த குதிரைகளுக்கும் பொலிகுதிரைகளுக்கும்கூட இதே ஊசி தாராளமாகப் போடப்பட்டு வந்தது என்ற ஒரு செய்தியே போதும். அவர்கள் விரும்பியது பருவத்தை நிறுத்துவதையல்ல, குதிரையை மந்தமாக்குவதை. அதைப் பெண்குதிரையின் பெயரால் செய்துகொண்டிருந்தார்கள்.

ஊசியைக் கைவிட்ட பின் என்ன செய்வது என்று கேட்கும் வாசகர்களுக்கு, மருந்தைப் பற்றிப் பேசுமுன் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கு வயதுப் பெண்குதிரை ஒன்று, வயிற்றுவாரை இழுத்துக் கட்டும்போது காதுகளைப் பின்னுக்கு மடித்து, வாலைச் சுழற்றி, சிறிது சிறுநீரையும் பீச்சுகிறது, சயிஸ், "பருவத்துக்கு வந்திருக்குங்க, டாக்டர்" என்கிறார், உடைமையாளரும் தலையாட்டுகிறார். அதே குதிரையைப் பொலிகுதிரையின் கொட்டடிக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தினால் அது கிறீச்சிட்டு உதைக்கிறது. ரத்தத்தில் புரோஜெஸ்டரோன் மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராமுக்கு வெகு மேலே நிற்கிறது. ஸ்கேனில் புரோஜெஸ்டரோனைச் சுரக்கும் முதிர்ந்த லூட்டியம் தெரிகிறது. அது பருவமன்று, வலி. இரைப்பைப் புண், பொருந்தாத சேணம், முதுகுத் தசைப் பிடிப்பு ஆகியவற்றைத் தேடாமலும், வருஷம் முழுதும் ஓயாத ஆண்குணம் தெரியுமிடத்தில் சூலகத்துக் கிரானுலோசா கட்டியை நினைத்துப் பாராமலும், ஹார்மோனில் கைவைப்பவர் வைத்தியம் செய்யவில்லை, வாயை அடைக்கிறார். லாயத்துச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் குறும்பு செய்த நாட்களைச் சயிஸ் மூன்று மாதம் குறித்துவந்தாலே, இருபத்தொரு நாள் சக்கரம் அதில் தெரிகிறதா இல்லையா என்பது துலங்கிவிடும்.

சக்கரம் தெளிவாகத் தெரியும் குதிரைகளும் இருக்கின்றன. மேல்நாட்டு நூல்கள் இவ்விடத்தில் பகல் குறுகும் குளிர்காலத்தில் சூலகம் கொள்ளும் ஓய்வைப் பற்றியும் வசந்தத்தின் குழப்பமான இடைக்காலத்தைப் பற்றியும் அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகின்றன. நியூமார்க்கெட்டில் பகல் ஏறத்தாழ எட்டு மணி நேரத்திலிருந்து பதினாறே முக்கால் மணி நேரம் வரை மாறுவதால் அவர்களுக்கு அது பொருந்தும். சென்னையிலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை மணி நேரந்தான். நம் பெண்குதிரைகளில் பலவற்றுக்கு மார்கழியிலும் விடுமுறை கிடையாது. ஆகவே காலம் வந்து பிரச்சினையைத் தீர்த்துவைக்கும் என்று காத்திருக்க நமக்கு வழியில்லை.

அத்தகைய குதிரைகளுக்கு, பருவத்தை அடக்கும் ஹார்மோனான அல்ட்ரெனோஜெஸ்ட் நிச்சயமாகப் பலிக்கும். ஒரு கிலோ எடைக்கு 0.044 மில்லிகிராம் வீதம் தினமும் கொடுக்க, இரண்டு மூன்று நாளில் குணம் மாறும். சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனமும் பெண்குதிரைகளுக்கு மட்டும் அதை அனுமதிக்கிறது. ஆனால் 2018-இல் அதில் டிரெண்டியோன், டிரென்போலோன் என்னும் தடை செய்யப்பட்ட ஸ்டீராய்டுகளின் சுவடுகள் காணப்பட்டு எச்சரிக்கைகள் கிளம்பியதையும், கையுறையின்றி அதைத் தொடும் பெண் ஊழியர்களுக்கு நேரக்கூடிய தீங்கையும், விலையையும் நீங்கள் அறிவீர்கள். பருவத்தை நிறுத்தக் கருப்பையில் கண்ணாடிக் கோலியை இடுவது பத்தில் நான்கு குதிரைகளுக்கு மேல் பலிப்பதில்லை; உள்ளே உடைந்த கோலிகளின் வரலாறும் உண்டு. அதை விட்டுவிடுவோம்.

எஞ்சுவது ஆக்ஸிடோசின். முட்டை வெளியேறிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை தினமும் 60 யூனிட் தசையில் போட்டால், கருப்பை புரோஸ்டாகிளாண்டினைச் சுரப்பது தடைப்பட்டு, பெரும்பாலான பெண்குதிரைகளில் லூட்டியம் கரையாமல் இரண்டு மாதம் வரையிலோ அதற்கு மேலுமோ நின்று, குதிரை தன் சொந்தப் புரோஜெஸ்டரோனாலேயே அமைதியடைகிறது. மலிவானது, சரீர இயல்பை ஒட்டியது, சில நாளில் முடிந்துவிடுவது. ஆனால் நம் கடைகளில் வழக்கமாகக் கிடைப்பது பிரசவ அறைக்கென்று அமைந்த, 5 யூனிட் கொண்ட சின்ன ஆம்பூல். ஒரு வேளைக்குப் பன்னிரண்டு ஆம்பூலை உடைக்க வேண்டும். எட்டு நாளைக்குத் தொண்ணூற்றாறு!

அந்தத் தொண்ணூற்றாறைக் கேட்டுக் கடைக்குப் போகிறவர் என்ன பாடுபடுகிறார் என்பதை அதிகாரிகள் ஒருநாளாவது வந்து பார்க்க வேண்டும். எருமைகளைக் கறக்க இம்மருந்து துர்ப்பிரயோகம் செய்யப்படுகிறதென்று 2016-இல் இமாசலப் பிரதேச உயர்நீதிமன்றம் கவலை தெரிவித்தது. 2018 ஏப்ரல் 27-இல் மத்திய சர்க்கார், உள்நாட்டுத் தேவைக்கு ஆக்ஸிடோசின் தயாரிக்கும் உரிமை ஒரு பொதுத்துறை நிறுவனத்துக்கு மட்டுமே என்று அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பர் 14-இல் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. மேல்முறையீட்டை 2019 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. இந்த நீண்ட வியாஜ்யத்தில் தாய்மாரின் உதிரப்போக்கைப் பற்றிப் பேசினார்கள். அது மிகவும் அவசியம். எருமையைப் பற்றிப் பேசினார்கள், அதுவும் சரியே. குதிரையைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசியதாக நான் கண்டதில்லை. கால்நடை என்றால் கறக்கும் மாடு என்பதற்கு அப்பால் கற்பனை செல்லாத ஓர் இலாகாவிடமிருந்து நாம் என்ன எதிர்பார்க்க முடியும்? பதிவு பெற்ற மருத்துவரான நம் சந்தாதாரர் ஒருவர் சீட்டுடன் சென்றபோது, கடைக்காரர் மெதுவாக, "எத்தனை எருமை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாராம். திருடனைப் பிடிக்க முடியாதவர்கள் ஊர்க் கதவுகளை எல்லாம் பூட்டிவைத்திருக்கிறார்கள். பால்காரருக்குக் கள்ளச் சரக்கு இன்னமும் தாராளமாகவே போய்ச் சேருகிறது. மெட்ராக்ஸியோ ஒரு கேள்வியுமின்றிக் கிடைக்கிறது. பயனற்றது திறந்த கடையிலும் பயனுள்ளது சந்தேகத்தின் நிழலிலுமாக இருக்கும்வரை, இளம் மருத்துவர் எதை எடுப்பார் என்று ஊகிக்கப் பெரிய ஞானம் வேண்டியதில்லை.

நாம் கேட்பது சலுகையன்று. கால்நடை உபயோகத்துக்கென்று குறியிட்ட, பல வேளைக்குப் போதுமான பெரிய குப்பி. அதைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டுக்கு மட்டும் விற்று, குதிரையின் பெயரையும் அடையாளத்தையும் ஏட்டில் எழுதும் முறை. பெரிய அமர்வு வழக்கை எடுக்குமுன் நம் தரப்பில் ஒரு மனு போக வேண்டும். அதற்காக வாசகர்கள் தாம் ஆக்ஸிடோசின் கொடுத்த பெண்குதிரைகளின் வயது, முட்டை வெளியேறிய தேதி, கொடுத்த நாட்கள், திரும்பப் பருவத்துக்கு வந்த தேதி, கேட்ட ஆம்பூல்கள் எத்தனை, கிடைத்தவை எத்தனை என்ற விவரங்களைத் தை மாதத்துக்குள் இதழுக்கு எழுதி அனுப்பக் கோருகிறோம்; பலிக்காத குதிரைகளின் விவரத்தையும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.