யாருக்கு விடுதலைப் பத்திரம்?

பிள்ளையார்பாளையத்தில் அப்பாவின் தறி நின்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பக்கவாதம். என் கல்யாணத்துக்கு வராத சொந்தம், அப்பா படுத்ததும் என்னைத் தேடி வந்தது. அன்றிலிருந்து குளிப்பாட்டுவதும் மலம் அள்ளுவதும் நான்தான். அதற்குச் சாதி குறுக்கே வரவில்லை.

போன மாதம் பெரியப்பா ஒரு தாளை நீட்டினார். "நீதான் சாதி விட்டுக் கட்டிக்கிட்டியேம்மா. பூர்வீக வீட்டைத் தம்பிக்கு விட்டுக் கொடுத்துடு." தாளின் பெயர் விடுதலைப் பத்திரம்.

நான் கையெழுத்துப் போடவில்லை.

பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929-லேயே, பக்கத்துச் செங்கல்பட்டில், சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1989-ல் கலைஞர் ஆட்சி அதைச் சட்டமாக்கியது. ஏற்கெனவே மணமானவர்கள் மட்டும் விடுபட்டார்கள். 2005 மத்தியத் திருத்தம் அந்தத் தடையையும் நீக்கியது. மகளின் பங்கு பிறப்பால் வருவது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சாதி மறுத்து மணந்தால் அது பறிபோகாது.

அப்பாவிடம் ஒன்றுதான் சொன்னேன்: உங்கள் பங்கை யாருக்கு வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23-இன்படி, எழுதி வாங்கியவர் கைவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் பத்திரத்தையே செல்லாததாக்கலாம்.

தோழர்களே, சாதி மேடையில் மட்டும் இல்லை. பத்திரப்பதிவு அலுவலக வரிசையிலும் நிற்கிறது. அக்காவிடம், தங்கையிடம் அந்தத் தாளை நீட்டும் கை நம்முடையதாக இருக்கக் கூடாது.