பிரம்மாவும் விஷ்ணுவும் கிடைத்த மண்

நோணாங்குப்பம் என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது சுண்ணாம்பாறு போட் ஹவுஸ்தான். படகில் ஏறி, கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆனால் பாண்டியைத் தாண்டி வடமேற்கே போனால், வழுதாவூர், சேதராப்பட்டு பக்கம், மண்ணுக்கு அடியில் இன்னொரு கடல் இருக்கிறது. வயது சுமார் 7 கோடி வருடம்!

அந்தக் கடலில் வாழ்ந்தவை அம்மோனைட்டுகள். கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். ஓடு பெரும்பாலும் ஆட்டுக்கடா கொம்பு மாதிரி சுருண்டிருக்கும். உள்ளே அறை அறையாகத் தடுப்புகள். கடைசி அறையில் உயிர். மற்ற அறைகள் மிதப்பதற்கு. 6.6 கோடி வருடங்களுக்கு முன்பு, டைனோசர்கள் அழிந்த காலத்தில் இவையும் அழிந்துபோயின.

1840-களில் கே, கன்லிஃப் என்ற ஆங்கிலேயர்கள் இங்கே சேகரித்த படிவங்கள் லண்டன் போயின. 1846-ல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றுக்கு வைத்த பெயர்கள் என்ன தெரியுமா? பிரம்மா, விஷ்ணு, இந்திரா... 1890-களில் ஃபிரான்ஸ் காஸ்மாட் மறுபடி ஆராய்ந்து, 'பிரம்மைட்டெஸ்' என்று ஒரு பேரினத்தையே பிரித்தார். பிற்பாடு ஐரோப்பாவில் பிஸ்கே வளைகுடாக் கரைப் பாறைகளிலும் அது கிடைத்தது. ஒரே அம்மோனைட் இரண்டு இடத்தில் கிடைத்தால் இரண்டு பாறையும் ஏறக்குறைய ஒரே வயது. அதனால்தான் அவை பாறைகளின் காலண்டர்.

பெயர் வைக்கப்பட்ட மாதிரி கிடைத்த இடம்தான் ஓர் இனத்துக்குச் சொந்த ஊர். எங்கே சந்தேகம் வந்தாலும் அங்கே திரும்பி வந்துதான் ஒப்பிட வேண்டும். அந்தச் சொந்த ஊரில் இன்று தொழிற்பேட்டையும் மனைகளும். வரட்டும், வேலை வேண்டாமா? ஆனால் ஒருமுறை கான்கிரீட் போட்டு மூடிவிட்டால் அந்தப் பக்கம் திரும்பக் கிடைக்காது.

பக்கத்துத் திருவக்கரையில் கல்மரங்களுக்குத் தேசியப் புவியியல் சின்னம் என்ற பாதுகாப்பு உண்டு. அவை இந்த அம்மோனைட்டுகளைவிடப் பல கோடி வருடம் இளையவை! மரம் பெரிதாகக் கண்ணில் படுகிறது, அம்மோனைட் உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது, அவ்வளவுதானே வித்தியாசம்? நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட்டைச் சாளக்கிராமம் என்று பூஜையில் வைக்கிறோம். விஷ்ணு என்றே பெயர் வாங்கிய வழுதாவூர்க் கல் மட்டும் சல்லியோடு சல்லியாகப் போகலாமா?

கேட்பது பெரிய விஷயம் இல்லை. அஸ்திவாரமோ கிணறோ தோண்டும்போது, மூடுவதற்கு முன் ஒரு நாள் யாராவது பார்க்கட்டும். காலாப்பட்டில் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதில் புவி அறிவியல் துறையும் இருக்கிறது. கிடைப்பதில் நாலைந்து கற்களை உள்ளூர்ப் பள்ளிகளில், ஊர்ப் பெயர் எழுதி வைக்கட்டும். போட் ஹவுஸ் போகும் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய கடலும் தெரியட்டுமே!