ஃபயர்வோலை அணைத்துவிட்டுப் போகாதீர்கள்

எங்கள் வீடுகளில் பிரிண்டருக்கு என்ன நடந்தாலும் அழைப்பு ஒருவருக்குத்தான் வரும். வகுப்பில் இருந்தாலும் சரி, வேலையில் இருந்தாலும் சரி. "பிள்ளை, பிரிண்டர் ஓஃப்லைன் எண்டு காட்டுது, ஒருக்கா பார்" என்று அம்மா சொல்வார். அந்த ஒருவர் நீங்கள் என்றால் இது உங்களுக்குத்தான்.

அவசரத்தில் நம்மில் பலர் செய்வது இதுதான்: விண்டோஸ் ஃபயர்வோலை அணைப்பது, பகிர்ந்த போல்டருக்கு "எவ்ரிவன்" என்று முழு அனுமதி கொடுப்பது, எங்கோ வாசித்தபடி எஸ்எம்பி 1 என்ற பழைய வசதியை மீண்டும் போடுவது. உடனே எல்லாம் வேலை செய்யும். அம்மாவுக்கும் சந்தோசம். ஆனால் இப்படிச் சரிசெய்வதை நான் அடியோடு எதிர்க்கிறேன்.

அந்தப் போல்டருக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள். எல்லாருடைய பாஸ்போர்ட் ஸ்கேன். பிறப்புச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும். அகதி வழக்கு நடந்த காலத்துக் கடிதங்கள். வீட்டுக் கடன் பத்திரம். ஊர் வீட்டு முற்றத்தில் அம்மம்மா நிற்கிற அந்த ஒரேயொரு படம். வேறு வீடுகளில் ஒரு கடதாசி தொலைந்தால் மூலப்பிரதியைத் தேடிப் போகலாம். இடம்பெயர்ந்து வந்த பல குடும்பங்களுக்கு மூலப்பிரதியே கிடையாது, அந்த ஸ்கேன்தான் இருக்கிறது. அதைக் கதவில்லாத அறையில் வைத்துவிட்டு "சரி வந்திட்டுது" என்று எப்படிச் சொல்வது?

எஸ்எம்பி 1 பற்றி ஒரு வார்த்தை. 2017 மே மாதம் வனாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுக்கப் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். பிரித்தானிய மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான சந்திப்புகள் இரத்தாகின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது, பலர் போடவில்லை. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி 1 வருவதில்லை. காரணத்தோடுதான் எடுத்தார்கள். உங்கள் பழைய ஸ்கேனர் அது இல்லாமல் போல்டருக்குள் அனுப்ப மறுத்தால் யுஎஸ்பி குச்சியில் ஸ்கேன் எடுங்கள். கொஞ்சம் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

"வீட்டுக்குள்தானே, யார் வரப்போகிறார்கள்?" என்று அண்ணன்மார் கேட்பார்கள். ரவுட்டர் வெளியாளைத் தடுக்கும், உண்மை. ஆனால் விருந்துக்கு வந்த மச்சானின் லப்டொப்பும், மாமாவின் பழைய போனும், தமிழ்ச் சனல் பார்க்க வாங்கிய மலிவான டிவி பெட்டியும் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கின்றன. அப்படியான பெட்டிகள் சில, தீநிரலோடேயே விற்பனைக்கு வருகின்றன என்று 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. விருந்தினர் வைஃபையில் இருக்க வேண்டியது அந்தப் பெட்டிதான். பல வீடுகளில் தலைகீழாக நடக்கிறது: பெட்டி முதன்மை வைஃபையில், பிரிண்டர் விருந்தினர் வைஃபையில்!

பிரிண்டர் கிடைக்காததற்கு அதுவேகூடக் காரணமாக இருக்கலாம். விருந்தினர் வைஃபையில் உள்ள கருவிகளை வீட்டின் மற்றக் கருவிகளிடமிருந்து ரவுட்டர் பொதுவாகப் பிரித்தே வைக்கும். ஆகவே முதலில் எல்லாம் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். யாராவது விபிஎன் போட்டிருந்தால் அதையும் நிறுத்திப் பாருங்கள். அது பல நேரம் வீட்டுக்குள் இருக்கும் பிரிண்டரையே மறைத்துவிடும்.

அடுத்தது, நான் அதிகம் கண்ட காரணம்: முகவரி மாறுவது. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரியைத் தற்காலிகமாகத்தான் கொடுக்கிறது. நேற்று பிரிண்டருக்கு 192.168.1.14. மின்சாரம் போய் வந்த பிறகு 192.168.1.23. கொம்பியூட்டர் இன்னும் பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும், திறக்க யாருமில்லை, ஆகவே "ஓஃப்லைன்" என்று எழுதும். இதைச் சோதிப்பது சுகம். பிரிண்டரின் திரையில் நெட்வேர்க் பகுதியில் இப்போதைய முகவரி இருக்கும். அதை அப்படியே பிரவுசரில் அடியுங்கள். பிரிண்டரின் பக்கம் திறந்தால் வைஃபையில் பிழையில்லை, கோளாறு கொம்பியூட்டரில். திறக்காவிட்டால் கொம்பியூட்டரைத் தொடாமல் ரவுட்டர் பக்கம் போங்கள். இந்த ஒரு சோதனை பாதி வேலையை மிச்சம் பிடிக்கும். பிறகு ரவுட்டர் அமைப்பில் அந்தப் பிரிண்டருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கி, கொம்பியூட்டரில் அதே முகவரியைக் கொடுத்துப் பிரிண்டரை மீண்டும் சேருங்கள். பத்து நிமிட வேலை.

போல்டர் திறக்கவில்லையா? விண்டோஸில் உங்கள் வைஃபை "பப்ளிக்" என்று இருக்கிறதா பாருங்கள். கோப்பிக் கடை வைஃபைக்கு அது சரி. வீட்டு வைஃபையை "பிரைவேட்" என்று மாற்றி, கோப்புப் பகிர்வையும் போட்டால் தேவையான வழியை ஃபயர்வோல் தானே திறக்கும். அதை அணைக்கத் தேவையே இல்லை. பாஸ்வேர்ட் கேட்டுத் திரும்பத் திரும்ப மறுத்தால், நீங்கள் அடிப்பது நாலு இலக்கப் பின் எண்ணாக இருக்கலாம். அந்த எண் அந்தக் கொம்பியூட்டரின் முன்னால் இருந்து திறக்க மட்டும். நெட்வேர்க்கில் வருகிறவருக்குக் கணக்கின் உண்மையான பாஸ்வேர்ட் வேண்டும். "எவ்ரிவன்" கொடுப்பவர்களில் பலர் இந்த இடத்தில் களைத்துப்போய்த்தான் கொடுக்கிறார்கள் என்பது என் எண்ணம். அதற்குப் பதிலாகப் பகிர்வுக்கென்று ஒரு தனிக் கணக்கு உருவாக்கி, வாசிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். எழுதும் அனுமதி வீட்டில் ஒருவருக்குப் போதும். ஒரு லப்டொப்பில் தீநிரல் புகுந்தால், அந்த லப்டொப் எழுதக்கூடிய இடத்தையெல்லாம் அதுவும் எழுதும்.

அந்தப் போல்டரின் பிரதி ஒன்றை வெளி வன்தட்டில் எடுத்து, வயரைக் கழற்றி, நகைப்பெட்டி இருக்கும் அலுமாரியிலேயே வையுங்கள். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது, பிரிண்டரின் முகவரியையும் எதை முதலில் பார்ப்பது என்பதையும் தமிழில் மூன்று வரியாக எழுதிப் பிரிண்டரின் மேல் ஒட்டிவிடுங்கள். பாஸ்வேர்டை அதில் எழுத வேண்டாம். அது அம்மாவின் டயரிக்குள் இருக்கட்டும்.