உபரி மின்சாரமும் கணக்கு முடிக்கும் நாளும்

மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில் 1940ஆம் ஆண்டில் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அன்று மின்சாரத்தைப் பெறுபவராக மட்டுமே இருந்த குடும்பத்தார், இன்று கூரைமீது சூரியத் தகடுகளைப் பொருத்தி, அதனை மின்வாரியத்திற்கு அளிப்பவராகவும் விளங்குகின்றனர்.

அளித்ததற்குக் கிடைக்கும் விலை யாது? நிகர அளவீட்டு முறையில், இருவழி மின்மானி பெற்றதையும் அளித்ததையும் தனித்தனியே பதிவு செய்கிறது. அளித்த யூனிட்டு, பெற்ற யூனிட்டுக்கு ஈடாகக் கழிக்கப்படுமாயின் அதற்குரிய கட்டணம் மிச்சமாகும். ஆண்டுக் கணக்கு முடியும்போது எஞ்சி நிற்பதற்கோ, தனி விலையே கணக்கிடப்படும். அது பெரும்பாலும் வீட்டுக் கட்டணத்தினும் குறைவு.

கேரளத்தில் முன்னர் செப்டம்பர் இறுதியில் முடிந்த இக்கணக்கு, பின்னர் மார்ச்சு இறுதிக்கு மாற்றப்பட்டது. மூணாற்றிலோ ஜனவரி முதல் மார்ச்சு வரை நல்ல வெயில். ஜூன் முதல் மழையும் மூடுபனியும். வெயிற்காலச் சேமிப்பை மார்ச்சிலேயே குறைந்த விலைக்குத் தீர்த்துவிட்டால், மழைக்காலத்தில் அதே குடும்பம் முழுக் கட்டணம் செலுத்த நேரிடும். மாலை நேர மின்சாரத்தை வாரியம் அதிக விலைக்கு வாங்குவது உண்மையே. ஆயினும், மழை தணியும் செப்டம்பரே மலைநாட்டுக்கு ஏற்ற நாள் என்பது எமது கருத்து.

தகடுகளின் அளவை முடிவு செய்யுமுன், பன்னிரண்டு மாத மின்பட்டியல்களை ஆராயுமாறு களப்பணியாளர்கள் அறிவுறுத்தல் வேண்டும். ஆசிரியர்கள் அப்பட்டியலையே கணக்குப் பாடமாகக் கற்பிக்கலாம். கணக்கறிந்தவரே தமக்குரியதைக் கேட்டுப் பெறுவர்.