வெண்பனியில் ஒரு பழுப்புக் கறை



தென்துருவக் கண்டமாகிய அண்டார்க்டிக்காவில், கடுங்குளிர்க் காலத்திலே குடும்பம் நடத்தும் பறவை ஒன்று உண்டு. எம்பரர் பெங்குவின் என்பது அதன் பெயர். தாய்ப்பறவை ஒரே முட்டையிட்டு, அதைத் தந்தையிடம் ஒப்படைத்து, இரை தேடிக் கடலுக்குச் சென்றுவிடும். தந்தையோ அதனைத் தன் பாதங்களின்மேல் ஏந்தி, அடிவயிற்று மடிப்பால் போர்த்தி, ஏறத்தாழ 65 நாட்கள் உணவின்றி நிற்கும். (அரைநாள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாலே முகம் சுளிக்கும் தந்தையர் இதைப் படிப்பார்களாக!)

இப்பறவைகள் கூடுவது உறைந்த கடலின்மேல். மனிதர் எளிதில் சென்றடைய இயலாத இடங்களில். ஆகவே அவை எங்கெங்கு வாழ்கின்றன என்பதே நெடுங்காலம் சரிவரத் தெரியாதிருந்தது. 2009-ஆம் ஆண்டில் பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் ஃபிரெட்வெல், ஃபில் டிராதன் என்னும் ஆய்வாளர் இருவர் இதற்கு வழி கண்டனர். லேண்ட்சாட் செயற்கைக்கோள் எடுத்த படங்களில் தனிப் பறவை தென்படாது. ஆனால் ஆயிரக்கணக்கான பறவைகள் மாதக்கணக்கில் ஓரிடத்திலேயே நிற்பதால், அவற்றின் எச்சம் வெண்பனியில் பழுப்புக் கறையாகப் படிந்துவிடுகிறது. அக்கறைகளைக் கொண்டே அவர்கள் 38 குடியிருப்புகளைக் கண்டனர். அவற்றுள் 10 அதுவரை எவரும் அறியாதவை. 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அறியப்பட்ட குடியிருப்புகளின் தொகை 66 ஆயிற்று.

அடேலி என்னும் சிறிய பெங்குவின்களையும் எச்சக் கறையே காட்டிக்கொடுத்தது. டேஞ்சர் தீவுகளில் அக்கறையைக் கண்ட ஆய்வாளர்கள், 2015 டிசம்பரில் நேரிலேயே சென்று, டிரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு வானூர்தியைப் பறக்கவிட்டுப் படமெடுத்து எண்ணினர். கணக்கில் வந்தவை ஏழரை லட்சம் இணைகள்!

மகிழ்ச்சியான செய்தியையே வான்கண் எப்போதும் தருவதில்லை. 2022-ஆம் ஆண்டின் இறுதியில், பெல்லிங்ஸ்ஹாசன் கடற்பகுதியில் பனி வழக்கத்தைவிட முன்னதாகவே உடைந்து கரைந்தது. எம்பரர் குஞ்சுகளுக்கு நீர் புகாத இறகு முளைப்பது டிசம்பர், ஜனவரி மாதங்களில்தான். அதற்குமுன் காலடிப் பனி அகன்றால் நீரில் மூழ்கியோ, நனைந்து விறைத்தோ மடிவதன்றி அவற்றுக்கு வேறு வழியில்லை. அங்கிருந்த ஐந்து குடியிருப்புகளுள் நான்கில், குஞ்சுகள் இறகு முதிரும் முன்னரே, பனியும் கறையும் படங்களினின்று மறைந்தன. அந்நான்கிலும் ஒரு குஞ்சேனும் பிழைத்திருக்க இயலாதென்றே ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். ரோத்ஷில்ட் தீவருகே இருந்த ஐந்தாவது குடியிருப்பு தப்பியது.

காப்பாற்ற முடியாததைக் கண்டு என்ன பயன் என்று கேட்போர் உளர். காசுக்கு விற்கப்படும் சிட்டுக்குருவிகளைக் குறித்து நம் ஆண்டவர் உரைத்ததை அறிந்த நாம் அவ்வாறு கேட்கலாமா? திருத்தந்தை பிரான்சிசும் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலில், துருவப் பனி உருகுவதையும் உயிரினங்கள் மறைவதையும் குறித்துக் கவலையுடன் எழுதினார். எவருடைய கண்ணிலும் படாமல் அக்குஞ்சுகள் மடிந்திருந்தால், நம் புகையும் நம் போக்கும் அவற்றைத் தொடவில்லை என்று எளிதாகச் சொல்லிவிட்டிருப்போம்.

பறவைகளும் சும்மா இருந்துவிடுவதில்லை. 2016-ஆம் ஆண்டில் ஹாலி விரிகுடாவில் பனி உடைந்து குஞ்சுகள் அழிந்தபின், அருகிலிருந்த டாசன்-லாம்ப்டன் குடியிருப்பு வெகுவாகப் பெருகியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. வாழ்விடம் இழந்தவற்றுள் பல அங்கே குடிபெயர்ந்திருந்தன.